காலியிடம் பொறுக்காதவர்

அமெரிக்கப் புறநகரில் வீட்டைப் பழுதுபார்க்க டம்ப்ஸ்டர் என்னும் குப்பைத்தொட்டியை வாடகைக்கு எடுக்கும் குடும்பத்தலைவருக்கு, அந்தத் தொட்டியில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தாலும் உறக்கம் வராது. லாரியின் சாய்ந்த தளத்திலிருந்து சக்கரங்களில் உருண்டு இறங்கும் இந்தத் திறந்த இரும்புத் தொட்டி 10 முதல் 40 கன கஜம் வரையிலான அளவுகளில் வாடகைக்குக் கிடைக்கிறது. கன கஜம் என்பது மூன்றடி நீள, அகல, உயரம் கொண்ட இடம். கொண்டுவருவது, சில நாள் நிறுத்திவைப்பது, எடுத்துச்செல்வது, குறித்த எடை வரை கிடங்கில் கொட்டுவது ஆகியவை பெரும்பாலும் ஒரே கட்டணத்தில் அடங்குகின்றன. இவற்றுள் எடையைப் பற்றிய வரி மட்டும் அவர் கண்ணில் படுவதே இல்லை.

குளியலறையை இடித்த கழிவு தொட்டியில் பாதியைக்கூட எட்டாதபோது அவர் முகம் வாடிவிடுகிறது. உடனே பரணில் ஏறி, கால் ஒடிந்த நாற்காலியையும் பிள்ளைகள் மறந்துபோன சறுக்குவண்டியையும் இறக்குகிறார். அலமாரியின் இழுப்பறைகளில் பழைய செருப்புகளைத் திணிக்கிறார். சோபாவின் கால்களைத் திருகிக் கழற்றி, அதைக் கவிழ்த்து, திருப்தியில்லாமல் மறுபடியும் நிமிர்த்தி, மேலே ஏறி மிதிக்கிறார். கொடுத்த காசுக்குக் காற்றையா அனுப்புவது என்பது அவர் கேள்வி. அப்போதும் ஒரு மூலை மிஞ்சுவதால், யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்த கொல்லைப்புறக் கான்கிரீட் நடைபாதையைக் கடப்பாரையால் பெயர்க்கத் தொடங்குகிறார்.

ஒரு கன கஜக் கான்கிரீட் ஏறத்தாழ 4,000 பவுண்டு, அதாவது 2,000 பவுண்டைக் கொண்ட அமெரிக்கக் கணக்கில் இரண்டு டன். 20 கன கஜத் தொட்டிக்கு 2 அல்லது 3 டன்தான் வழக்கமான வரம்பு என்பதால், அந்த மூலையே மொத்த அனுமதியையும் விழுங்கிவிடுகிறது. இரவில் மழை பெய்து, தொட்டியில் போட்ட பழைய கம்பளம் நீரை உறிஞ்சினால், அந்த நீரும் எடைமேடையில் குப்பையாகவே கணக்காகி, மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் தனித்தொகை ஏறுகிறது. விளிம்புக்கு மேல் குவித்திருந்தால் ஓட்டுநர் தொட்டியைத் தொடாமலே திரும்பிவிட, அந்த வீண் பயணத்துக்கும் பில் வருகிறது. தெருவில் வைக்க நகராட்சி அனுமதிக் கட்டணம், மெத்தைக்குக் கூடுதல் தொகை போன்றவற்றை இவற்றோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவென்றே சொல்லலாம். பில்லைப் பார்த்ததும் அவர் மழைக்குத் தாம் எப்படிப் பொறுப்பாக முடியும் என்று நிறுவனத்தோடு வாதாடும் உறுதி, ஒரு வகையில் பாராட்டத்தக்கதுதான்.

பொறுக்க முடியாதது வேறொன்று. இடத்தைப் போலவே நாளும் வீணாகக்கூடாதென்பதால், வேலை மூன்றாம் நாளே முடிந்தாலும் வாடகையின் கடைசி நாள் வரை தொட்டியை விடமாட்டார். அவர் வாசலைத் தொட்டி அடைத்துக்கொள்ள, அவருடைய இரண்டு கார்களும் அத்தனை நாளும் பக்கத்து வீட்டார் வாசலில் நிற்கின்றன. தெருவோர நடைபாதையில் சிதறிய ஆணிகளையும் அந்தப் பக்கத்து வீட்டார்தான் குனிந்து பொறுக்குகின்றனர். எடுத்துப்போகச் சொல்லி ஒரு போன் செய்தால் இவருக்கு என்ன குறைந்துவிடும்?