மாப்ளே, ஊசிச் சீட்டுல ரெண்டாவது கட்டம் காலியா இருக்கே!

மாப்ளே, நீ பட்டணத்துல படிச்ச புள்ள. மாமன் மாட்டாஸ்பத்திரித் திண்ணையில உக்காந்து காதுல விழுந்ததைக் கேட்டவன், அம்புட்டுத்தான். நான் சொல்றதுல தப்பிருந்தா வாட்ஸ்அப்புல திருத்திப் போட்ரு.

சிப்பிப்பாறைக் குட்டி வாங்கியிருக்க, சந்தோசம். பேரு வச்சு, கேக்கு வெட்டி, அது நாக்கை நீட்டுறதைப் போட்டோ எடுத்து ஒறம்பரைக்கெல்லாம் அனுப்பிட்ட. அதுகூடவே இன்னொண்ணும் அனுப்பியிருந்த. வருசா வருசம் நாய்க்கு ஊசி போடச் சொல்றது கம்பெனிக்காரன் கொள்ளைன்னு. படிக்கச் சொல்லிக் கேட்டேன். பாதி நெசம்யா. எனக்குப் பயமே அந்தப் பாதிதான்.

நெசத்தை மொதல்ல சொல்லிர்றேன். பார்வோ, டிஸ்டெம்பர், ஈரலை அரிக்கிற அடினோ வைரஸ், இந்த மூணுக்கும் போடுற ஊசி ஒழுங்காப் பிடிச்சிருச்சுன்னா வருசக்கணக்குல தாங்கும். அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ரொனால்ட் ஷுல்ட்ஸ்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு இதை ரொம்ப காலமாச் சொல்லிக்கிட்டிருந்தாரு. 2003-ல அந்த நாட்டுப் பிராணி ஆஸ்பத்திரிச் சங்கமும் வளந்த நாய்க்கு மூணு வருசத்துக்கு ஒருக்காப் போதும்னு சொல்லிருச்சு. ஆக, வருசாவருசம் கோயில் கொடைக்கு வரி கட்டுற மாதிரி எல்லா ஊசியையும் போடுற ஒங்க பெரியப்பா மகனும் கொஞ்சம் நிதானிக்கலாம்.

ஆனா, "ஒழுங்காப் பிடிச்சிருச்சுன்னா"ன்னு சொன்னேன் பாரு, அங்கதான் ஒன் குட்டியோட தலையெழுத்து கெடக்கு. தாய்நாய்கிட்டச் சீம்பால் குடிக்கிறப்பவே குட்டிக்கு ஒரு காவல் வந்துருது. அந்தக் காவல் நோயை மட்டுமா தடுக்கும்? நீ போடுற ஊசியையும் உள்ள வந்த பகைன்னு நெனச்சு அடிச்சுப் போட்ரும். அது எப்பக் கரையும்னு யாருக்கும் தெரியாது. ஒரே ஈத்துல பொறந்த குட்டிகள்லயே ஒண்ணுக்கு ரெண்டு மாசத்துல கரையும், இன்னொண்ணுக்கு மூணு மாசம் தாண்டியும் நிக்கும். அதுக்குத்தான் ஆறு, எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரத்துக்கு ஒருக்கா, பதினாறு வாரம் முடியிற மட்டும் போடச் சொல்றாக. ஒண்ணுக்கு மேல ஒண்ணு பலம் சேருதுன்னு நெனச்சிராத. எந்த ஊசி பிடிக்கும்னு தெரியாம போடுறது. கடேசி ஊசியைத் தவறவிட்டா, முன்னாடி போட்டது அம்புட்டும் வெறும் குத்தாப் போயிருக்கலாம்.

இப்பச் சொல்லு, ஒன் குட்டிக்கு எத்தனை போட்ருக்க? ஒண்ணு. அதுவும் வித்தவன் நாப்பத்தஞ்சு நாள்ல போட்டேன்னு சொன்னது. அடுத்ததுக்கு ஏன் போகலைன்னா, "பூஸ்டர் தேவையான்னு விவாதம் போய்க்கிட்டிருக்கு மாமா"ங்கிற. அடடா! கலியாணமே ஆகல, பேரனுக்குக் காதுகுத்தக் கடா பாக்குற.

வீட்டுக்குள்ளயேதான் வளக்கேன், பார்வோ எங்கிட்டு வரும்னு கேப்ப. 1978-க்கு முன்னாடி இந்த நோய் பேரே யாரும் கேட்டதில்ல. கெளம்பின ரெண்டே வருசத்துல ஒலகத்தைச் சுத்திருச்சு, டிக்கெட்டும் எடுக்கல. மண்ணுல மாசக்கணக்கா உசுரோட கெடக்கும். ஒன் செருப்புல ஒட்டிக்கிட்டு வந்துரும். வாந்தியும் ரத்தக் கழிச்சலுமா குட்டி கெடந்து, குளுக்கோஸ் பாட்டிலுக்கு நீ அலையிறப்போ அந்த வாட்ஸ்அப் அனுப்பினவன் போனை எடுக்க மாட்டான். டிஸ்டெம்பர் இன்னும் மோசம். 1994-ல ஆப்பிரிக்காவுல செரங்கெட்டிக் காட்டுச் சிங்கத்துல மூணுல ஒரு பங்கு அதுல போச்சு. காட்டைச் சுத்தி இருந்த ஊர் நாய்கள்ட்ட இருந்து கெளம்பினதுன்னு கண்டாக. காட்டு ராசாவுக்கே ஊர்நாய் சீக்கு!

இன்னொண்ணு. மூணு வருசம்னு கேட்டதும் எல்லாத்துக்கும் மூணு வருசம்னு எழுதிக்கிராத. எலிக்காய்ச்சல் ஊசி ஒரு வருசத்துக்கு மேல தாங்கும்னு நம்ப முடியாது. நம்ம வயக்காட்டுல எலி மூத்திரம் கலக்காத தண்ணி எது? அதை வருசாவருசம் போட்டுத்தான் ஆகணும்.

வெறிநோய்க்குக் கணக்கு வேற. மூணு மாசத்துல ஒண்ணு, அடுத்த வருசம் ஒண்ணு, பெறவு மருந்துத்தாள்ல என்ன காலம் போட்ருக்கோ அது. மூணு வருசத்துக்குன்னு அனுமதி வாங்கின மருந்தும் இருக்கு. நம்ம டாக்டர்மாரு வருசத்துக்கு ஒருக்கான்னு சொன்னா, அது ஒன் நாயைப் பாத்து இல்ல, தெருவைப் பாத்துச் சொல்றது. நீ அந்தக் காலத்து ஆஸ்பத்திரியைப் பாக்கல. நாய் கடிச்ச மனுசனுக்கு ஆட்டு மூளையில செஞ்ச மருந்தைத் தொப்புளைச் சுத்திக் குத்துவாக. கடிச்ச நாயை விட ஊசிக்குத்தான் ஆளு பயந்து ஓடுவான். 2005-க்குள்ள அதை நாடு முழுக்க நிறுத்திட்டாக, நீ தப்பிச்ச.

ஊர்ல நூறு நாய்னா எழுபதுக்கு ஊசி போட்டாலே வெறி பரவாம நின்னுரும்னு ஒலக சுகாதார நிறுவனத்துக் கணக்கு. ஒரு வருசம் போட்டாப் போதாதான்னு நீ கேப்ப, நீதான் விவாதம் பண்றவனாச்சே. போட்ட நாய் செத்துப் போகுது, போடாத குட்டி பொறந்துக்கிட்டே இருக்கு. ஒத்தை நாய்க்கு மருந்து மூணு வருசம் நின்னாலும் தெருவுக்கு நிக்காது. இதை எந்த வாட்ஸ்அப்புலயும் சொல்லல பாரு.

குட்டியையும் ஊசிச் சீட்டையும் எடுத்துக்கிட்டு நாளைக்கே மாட்டாஸ்பத்திரிக்குப் போ. மருந்தை ஐஸ்பெட்டியில இருந்துதான் எடுக்குறாகளான்னு பாத்துக்க. வெயில்ல கெடந்த மருந்தும் கொழாத்தண்ணியும் ஒண்ணு. போட்டதும் வண்டியைக் கெளப்பிராத, அரை மணி நேரம் உக்காரு. எப்பவாவது ஒண்ணுக்கு மூஞ்சி வீங்கும், டாக்டர் பக்கத்துல இருந்தாப் பயமில்ல.

போறப்போ டீக்கடை வாசல்ல படுத்துக் கெடக்கிற கருப்பனையும் கூட்டிட்டுப் போயிரு. அவன் லேசுல பிடிபட மாட்டான், நாலு ஆளு வேணும். ஒன் வாட்ஸ்அப் குரூப்புல எத்தனை பேருன்னு சொன்ன?