மாமியார் மெத்தை

ஆடுகூட வாய் வைக்காத செடியைப் பார்க்க ஆளுக்கு இத்தனை டாலரா என்று நான் கணக்குப் போடத் தொடங்கியதுமே, "ரூபாயில பெருக்காதீங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. மகள் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் போயிருந்தோம். டிஸ்னிலேண்டுக்கு என் மூட்டுவலி சம்மதிக்காததால், சான் மரினோவில் இருக்கும் ஹண்டிங்டன் பாலைவனத் தோட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

எங்கள் கரிசல் காட்டில் கள்ளி என்றால் செடியில்லை, வேலி. இங்கேயோ பத்து ஏக்கருக்குக் குறையாத இடத்தில் 2,000 வகைகளுக்கு மேல் வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை வேறு. எங்கள் தெருவில் அந்த யோகம் ஒரு வக்கீலுக்கும் ஒரு பல் டாக்டருக்கும்தான்.

இடத்தின் சொந்தக்காரர் ஹென்றி ஹண்டிங்டன் ரயில் முதலாளி. பாதை போட்ட காலத்தில் சப்பாத்திக்கள்ளியிடம் குத்துப்பட்டவர். அதனால் கள்ளியே வேண்டாம் என்று முரண்டு பிடித்திருக்கிறார். தோட்டத்தைக் கவனித்த வில்லியம் ஹெர்ட்ரிச் விடாமல் பேசிப் பேசி, வேறு எதுவும் சரியாக வராத ஒரு சரிவில் 1907இல் வேலையைத் தொடங்கினார். குத்துப்பட்டவரையே சம்மதிக்க வைத்தவர், நம் ஊரில் இருந்திருந்தால் கல்யாணத் தரகராகியிருப்பார்.

ஓரிடத்தில் பானையைக் கவிழ்த்தாற்போல் உருண்டை உருண்டையாக, மஞ்சள் முள்ளோடு நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. மெக்சிகோக்காரக் கள்ளி. இதற்கு இங்கே செல்லப்பெயர் என்ன என்று கேட்டேன். மாப்பிள்ளை பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "மாமியார் மெத்தை, மாமா."

அவளுக்குப் பாம்புக் காது. திரும்பி வந்து அந்த மெத்தையை நிதானமாகப் பார்த்தாள். "எங்க மாமியார் உக்காந்திருந்தா, முள்ளுதான் பாவம்" என்றாள். மாப்பிள்ளைக்குப் போன உயிர் வந்தது. நான் என் அம்மாவுக்காக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இன்னும் கொஞ்ச தூரத்தில் நம் திருகுகள்ளி! பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று அம்மா மிரட்டிய அதே செடி. பலகையில் 'யூபோர்பியா டிருக்கல்லி'. மலபார்த் தாவரங்களைப் பற்றி டச்சுக்காரர்கள் போட்ட புத்தகத்திலிருந்து எடுத்து, லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர். பிறந்தது ஆப்பிரிக்கா, பெயர் நம் பக்கம், குடியிருப்பு கலிபோர்னியா. "இதுக்கெல்லாம் கிரீன் கார்டு வேண்டாம்" என்று பெருமூச்சு விட்டார் மாப்பிள்ளை. அவர் வரிசையில் நிற்பது ஒன்பதாவது வருஷம்.

அதற்குள் மனைவியைக் காணோம். தேடிப்போனால் ஒரு பிரண்டைக் கொடியின் முன் நிற்கிறாள். கை நீள்கிறது.

"ரெண்டு கணுதாங்க. நல்ல இளசு. ஒரு துவையலுக்கு ஆகும்."

தொடக்கூடாது என்ற பலகையைக் காட்டினேன். "இங்கிலீஷ்ல தானே போட்டிருக்கு" என்றாள். மகள் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போகும்படி ஆயிற்று.

போன வாரம் ஊர் திரும்பினோம். கொல்லைச் சுவரில் பிரண்டை ஏறிக் கிடந்தது. பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஒடித்துத் துவையல் அரைத்தாள். புளி போதவில்லை, நாக்கு அரித்தது.