மேலே பார்க்காத கேமரா

அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறினால் ரோட்டின் இரண்டு பக்கமும் தெரிவது சீமைக்கருவேலம். அதற்கு அடுத்தபடியாக இப்போது செழித்து வளர்வது கண்காணிப்புக் கேமரா. இரண்டுக்கும் தண்ணீர் தேவையில்லை, மழை தேவையில்லை. இரண்டையும் ஊர் நன்மைக்கென்றுதான் கொண்டுவந்தார்கள்.

உரக்கடையில் ஒன்று, நகைக்கடையில் நாலு, கல்யாண மண்டபத்தில் எட்டு. கடைக்கு வைப்பதைக் குறை சொல்லவில்லை. தெருக்கோடியில் வட்டிக்கு விடுகிறவர் மாடியில் இருப்பதைப் பற்றித்தான் பேச்சு. அது அவர் வாசலைப் பார்க்காது. எதிர்ச் சந்தைப் பார்க்கும். சந்துக்குள் ஓலைத்தட்டி கட்டிய ஒரு மறைப்பு இருக்கிறது. மேலே கூரை கிடையாது. கூரை போடக் காசிருந்தால் அதைக் குளியலறை என்றே சொல்லியிருப்பார்கள். கேமரா வந்த நாளிலிருந்து அந்த வீட்டுப் பெண்கள் விடியுமுன் இருட்டோடு குளித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இருட்டிலும் துல்லியமாகப் படம் பிடிக்கும் என்று சொல்லித்தான் கடைக்காரர் அதை விற்றார் என்பதை அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

மாடிக்காரரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். “பாதுகாப்புக்குத்தான் தம்பி. நம்ம தெருவுக்கும் சேத்துத்தானே வச்சிருக்கேன். தப்புப் பண்ணாதவனுக்கு என்ன பயம்?” நல்ல கேள்விதான் அண்ணாச்சி. உங்கள் வட்டிக் கணக்கு நோட்டை ஒரு நாள் தெருவில் விரித்து வையுங்கள், பதில் தானாகத் தெரிந்துவிடும்.

இந்த மண்ணுக்கு வேவு புதிதில்லை. 1911-ஆம் வருடத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்காரன் மதுரைப் பக்கத்துக் கள்ளர்கள் மேல் ஏவினான். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கியால் பதில் சொன்னான். பிறகு சட்டம் தெற்கே இறங்கி முதுகுளத்தூர்ப் பக்கத்து மறவர் கிராமங்களுக்கும் வந்தது. அன்றைக்கு நம் ஊர்களும் அதே இராமநாதபுரம் ஜில்லாதான். விருதுநகர் மாவட்டம் 1985-இல் பிறந்த பிள்ளை. ரேகைச் சட்டம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெயர் பதிந்துவிட்டால் விரலை மையில் தோய்த்துக் கொடுக்க வேண்டும். ராத்திரியானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். கல்யாணமான அன்றைக்கே மாப்பிள்ளை சாவடிக்குப் போன கதையை இன்னும் சொல்லிக் கேட்கலாம். களவு செய்தானா என்பதல்ல கேள்வி. அந்த வயிற்றில் பிறந்தானா என்பதுதான்.

அந்தச் சட்டத்துக்குக் கண் எங்கிருந்து வந்தது? லண்டனிலிருந்தா? கிராம முன்சீப்பு, தலையாரி, பக்கத்து வீட்டுக்காரன். “நேத்து ராத்திரி அவன் சாவடியில இல்லே எசமான்” என்று போட்டுக்கொடுத்தது நம் ஊர் வாய்தான். சட்டத்தை எதிர்த்துப் போராடி எழுந்தவர் முத்துராமலிங்கத் தேவர். 1947-இல் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. 1952-இல் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது அருப்புக்கோட்டைத் தொகுதி. கண்காணிப்பு என்றால் என்ன கொடுமை என்று இந்தியாவுக்கே பாடம் எடுத்திருக்க வேண்டிய ஊர் இது.

என்ன எடுத்தோம்? தாத்தா சாவடியில் படுத்தார். பேரன் தவணை கட்டிக் கேமரா வாங்குகிறான். எந்தச் சாதிப் பேரனும் விலக்கில்லை. தாத்தாவை வேவு பார்த்தவன் கூலிக்குப் பார்த்தான், நாம் கைக்காசு போட்டுப் பார்க்கிறோம். காலனிப் பையன் எந்த வண்டியில் எந்தத் தெரு வழியாகப் போனான், எவர் மகள் எவனோடு பஸ் ஏறினாள் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் வந்துவிடும், வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு. அதே ரோட்டில் ராத்திரி மண் அள்ளிக்கொண்டு போகிற லாரி மட்டும் எந்தக் கேமராவிலும் விழாது. அந்த நேரத்தில் எல்லாக் கேமராவுக்கும் மாலைக்கண்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பெரிதாக இருக்கிறது. 1962-இல் கரக் சிங் வழக்கில், போலீஸ் நடுராத்திரி வீட்டுக் கதவைத் தட்டுவது தப்பு, ஆனால் அந்தரங்கம் என்றொரு உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். இல்லாதது உண்டு என்றாக 55 வருடம் ஆயிற்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அதை அடிப்படை உரிமை என்றார்கள். அதற்கு ஒரு சட்டம் எழுத இன்னும் ஆறு வருடம்: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023.

அதன் மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தனி ஆள் தன் சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ கையாளும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மாடிக்காரர் இதைச் சட்டம் போட்டு, அந்தக் கேமராவுக்குக் கீழேயே மாட்டிக்கொள்ளலாம். பதினேழாம் பிரிவுக்குப் போங்கள். பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு என்று காரணம் காட்டி, தான் விரும்பும் அரசு அமைப்பை மத்திய அரசு சட்டத்திலிருந்து விலக்கி வைக்கலாம். ஆக, மேலேயிருந்து பார்க்கிறவனுக்கும் வழி விட்டாயிற்று, பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கும் வழி விட்டாயிற்று. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு, பயப்பட வேண்டாம்; அது போகிற இடம் அரசாங்கக் கஜானா. தகவல் களவு போனவனுக்கு அதில் சல்லிக் காசு கிடையாது. அவன் பொய்ப் புகார் கொடுத்ததாக முடிவானால் மட்டும் 10,000 ரூபாய் வரை அவனே கட்ட வேண்டும்.

குளிக்கிற பெண்ணைப் படமெடுத்தால் அது வேறு விஷயம். பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவு, முதல் தடவைக்கே ஒரு வருடத்துக்குக் குறையாத ஜெயில். ஆனால் படமெடுத்ததை நிரூபிக்க வேண்டுமே. ஆதாரம் எங்கே? மாடிக்காரர் வீட்டு டிவிஆர் பெட்டிக்குள், சாவி அவர் இடுப்பில். 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், கூடக் குடியிருப்பவர் சம்மதமில்லாமல் வீட்டுக்குள் கேமரா வைப்பது அந்தரங்க மீறல் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. நல்ல தீர்ப்பு. ஓலைத்தட்டிக்காரி உயர் நீதிமன்றம் வரை போய்வரப் பஸ் காசை யார் கொடுப்பது என்பது மட்டும் தீர்ப்பில் இல்லை.

கேமரா இல்லாத வேவும் உண்டு. பக்கத்துப் பரமக்குடியிலிருந்து அப்படி ஒரு வழக்கு போனது. விவாகரத்துக் கேட்ட கணவர் மனைவியின் செல்போன் அழைப்புப் பட்டியலைக் கோர்ட்டில் வைத்தார். 2024 அக்டோபரில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மனைவிக்கும் அந்தரங்கம் உண்டு, அதை மீறி எடுத்த ஆதாரம் செல்லாது என்றார். ஆனால் 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், தம்பதிகள் தங்களுக்குள் ரகசியமாகப் பதிந்த பேச்சைச் சாட்சியமாக எடுக்கலாம் என்றது.

இனி கண்மாய்க்கரைக்கு வாருங்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, மண்வெட்டியும் கையுமாக, ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்றார்கள். 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத்தளத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். இரண்டாவது போட்டோவுக்கு சிக்னல் கிடைக்கவில்லை என்றால் வெட்டிய குழி அப்படியே கிடக்கும், கூலி கேள்விக்குறியாகும். தலையில் சும்மாட்டோடு, வியர்வையோடு நிற்கிற அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சம்மதம் கேட்டார்களா? வாய்க்கரிசிக்குச் சம்மதம் கேட்பார்களா!

சரி, அந்தப் பெண் திருப்பிப் பார்க்கலாமா? கண்மாய் வேலைக்கு வந்த பணம் எவர் பேரில் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் தனிப்பட்ட தகவலானாலும் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று எட்டாம் பிரிவின் தனிப்பட்ட தகவல் உட்பிரிவில் இருந்த வாசகத்தை, இதே தரவுப் பாதுகாப்புச் சட்டம் வெட்டிவிட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நம் தகவலைப் பாதுகாக்கும் கடமைகளுக்கு 18 மாதம் தவணை. அதிகாரிக்குத் திரை போடுகிற திருத்தம் மட்டும் உடனே அமல். எது அவசரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு கேமராவும் எங்கே வேலை செய்ய வேண்டுமோ அங்கே என்ன செய்தது? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பனையும் மகனையும் ஸ்டேஷனுக்குள் வைத்து அடித்தார்கள். இரண்டு உயிர் போனது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பாரதிதாசன் ஸ்டேஷன் கேமராவைப் பார்த்தார். பதிவு வட்டில் 1 டெராபைட் இடம் இருந்தது. ஆனால் தினந்தோறும் பதிவு தானாக அழிகிற மாதிரி அமைத்து வைத்திருந்தார்கள். எதிர்ச் சந்துப் பெண் குளிக்கப் போனது ஒரு மாதம் பத்திரமாக இருக்கும். லத்தி விழுந்தது ஒரு நாள்கூட இருக்காது. அந்த வருடம் டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம், ஸ்டேஷன் கேமராக்கள் ஏன் ஓடவில்லை என்று தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது.

மாடிக்கார அண்ணாச்சி, இன்று சாயங்காலமே ஏணியைப் போட்டு ஏறுங்கள். கேமராவை உங்கள் வாசலுக்குத் திருப்புங்கள். உங்கள் வீட்டுக்குக் கடன் கேட்டு வருகிறவன் முகம் தெரிந்தால் உங்களுக்குப் போதும். தெருக்காரர்களே, அவர் ஏறும்போது ஏணியைப் பிடிக்கப் போங்கள். ஏறமாட்டேன் என்றால் நாலு பேராகப் போய்க் கேளுங்கள். அப்படியே ஒரு மனு எழுதுங்கள்: நம் ஊர் ஸ்டேஷன் கேமரா ஓடுகிறதா, 18 மாதப் பதிவு இருக்கிறதா? இதில் எவருடைய அந்தரங்கமும் இல்லை. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.