பூச்சாண்டிக்கு வயதாகிவிட்டது

கேள்வி: ஆற்றில் கழிவு கலக்கிறதென்று மனு போட்டால் ஆலையை மூடிவிடுவார்கள், வேலை போய்விடும் என்று தோட்டத்தில் பயமுறுத்துகிறார்களே? (வாசகர், பெடாஸ்)

பதில்: இந்தப் பூச்சாண்டி பென்ஷன் வாங்கும் வயதை எட்டிவிட்டது. 1977-ஆம் ஆண்டு விதிகள், செம்பனை ஆலைக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (அதாவது, மீனின் மூச்சைக் கழிவு எவ்வளவு பறிக்கிறது என்ற கணக்கு) லிட்டருக்கு 5,000 மில்லிகிராமிலிருந்து 1984-க்குள் 100-க்கு இறங்கவேண்டும் என்றன. ஆலைகள் அழியவில்லை, பெருகின. பிழைப்பைக் கெடுப்பது அழுக்குதான்: 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் இல்லை. அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள், உனக்கென்ன என்று கிராணி கேட்கலாம். நியாயம்தான், ஆனால் அதிகாரி இருப்பது சிரம்பானில், நாற்றம் முதலில் வருவது லயத்துக்கு. தேதி, நேரம், படத்தோடு சுற்றுச்சூழல் துறைக்கு எழுதுங்கள். சுற்றுச்சூழல் சட்டத்தின் 2024 திருத்தத்துக்குப் பின் அபராதம் ஒரு கோடி வெள்ளி வரை போகலாம். பயமுறுத்துகிறவர் அதையும் படித்திருப்பார்.