பட்டினியும் கையெழுத்தும்

கே: பகைத்து நிற்கும் இரு கூட்டத்தாரைக் கருணையாலும் சத்தியத்தாலும் சமாதானப்படுத்த முடியும் என்கிறீர்களே, டில்லியில் அது நடக்கிற காரியமா? (ஒரு வாசகர், கரோல்பாக்)

ப: டில்லியில் கையெழுத்து வாங்க விருந்து வைப்பதல்லவா சம்பிரதாயம்! 1948 ஜனவரி 13-ஆம் தேதி, 78 வயதில், பிர்லா மாளிகையில் உபவாசம் தொடங்கி, பறிக்கப்பட்ட மசூதிகளை முஸ்லிம்களிடம் திருப்பித் தரவேண்டும், மெஹ்ரோலி தர்காவின் உர்ஸ் உற்சவம் நிர்விக்கினமாக நடைபெற வேண்டும் என்று கேட்ட காந்தியடிகளோ, 18-ஆம் தேதி சகல சமூகப் பிரமுகர்களிடமும் கையெழுத்தைப் பட்டினி கிடந்தே பெற்றார்.

தம் பிராணனைக் காப்பாற்றுவதற்காக மட்டும் எவரும் ஒப்புக்குச் சம்மதிக்க வேண்டாம் என்று எச்சரித்த பிறகே உபவாசத்தை முடித்த அந்த மனிதர், 27-ஆம் தேதி மெஹ்ரோலி உர்ஸுக்கு நேரில் போய்ப் பார்த்தும் வந்தார். டில்லி வாக்குறுதி ஆயிற்றே!