ஒரு சொட்டுக் கஞ்சம்

ஜொகூரில் பத்து பகாட் தையல் தொழிலுக்குப் பேர்போன ஊர். ஆயுத பூஜையன்று அங்கே தெரிந்த அண்ணன் கடைக்குப் போனேன். பள்ளிச் சின்னம் தைக்கும் பதினைந்து ஊசி எம்பிராய்டரி இயந்திரத்தின் நெற்றியில் சந்தனம், குங்குமம், காலடியில் எலுமிச்சை. பக்கத்துக் குத்துவிளக்கில் நல்லெண்ணெய் தளும்புகிறது. பாபினைக் கழற்றிப் பார்த்தால், நூலைப் பிடித்துச் சுற்றும் ஹூக் ஓடும் தடம் காய்ந்து கிடக்கிறது.

ஒரு தையலுக்கு ஹூக் இரண்டு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 800 தையல் என்றால் 1,600 சுற்று. பாவம், அது கேட்பது நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். மிஞ்சினால் வெள்ளைச் சட்டையில் கறை.

"எண்ணெய் விட்டு எத்தனை நாளாச்சுண்ணே?"

"அதான் ஓடுதே தம்பி!"

பாக்கி வைத்தவர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறவர் இவர். நூல் அறுந்தால் நூல்காரனுக்குத் திட்டு. இயந்திரம் கடகடத்தால் மின்னல் எஃப்எம்மைச் சத்தமாக வைப்பார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஹூக் இறுகி நின்றுவிட்டது. மெக்கானிக் பில்லை நீட்டியபோது, அண்ணன் முகத்தில் வழிந்த எண்ணெய் ஒரு வருஷத்துக்குக் காணும்.