பைலா அண்ணன்

கட்டற்ற மென்பொருள் உலகத்தில் மூன்று வகை ஆட்கள் உண்டு. நிரல் எழுதுகிறவர்கள், அதில் பிழை கண்டுபிடிக்கிறவர்கள், இந்த இரண்டு கூட்டத்தையும் யார் ஆளுவது என்று தேர்தல் வைக்கிறவர்கள். முதல் இரண்டு வகையை ஊர் அறியும். மூன்றாவதைப் பார்க்க ஆசைப்பட்டால் திருவள்ளூர் லோக்கலில் ஏறி, ஆவடி, இந்துக் கல்லூரி தாண்டி, பட்டாபிராமில் இறங்குங்கள். பைலா அண்ணன் அங்கேதான் இருக்கிறார்.

நாற்பத்தைந்தைத் தொட்ட வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் உத்தியோகம். தோள்பையில் லேப்டாப் இருக்கிறதோ இல்லையோ, டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தின் சாசனம், பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு, கட்டாயம் இருக்கும். கடைசியாக எப்போது நிரல் எழுதினீர்கள் என்று மட்டும் அவரைக் கேட்கக் கூடாது. கேட்டால், "நான் கவர்னன்ஸ் பக்கம் தம்பி" என்று மேலே பார்த்தபடி சொல்வார்.

ஓட்டுக்குப் பணம் தருகிறார்களா என்று ஊரே விசாரிக்கிற காலத்தில், ஓட்டுப் போடுவதற்குப் பணம் கட்டுகிற மனிதர் அவர். பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையின் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக 99 டாலர் ஆண்டுச் சந்தா செலுத்தியிருக்கிறார். அதோடு விட்டதா? வாக்களிக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே உறுதியும் சொல்ல வேண்டியிருந்தது. மளிகைக் கணக்கை மறந்தாலும் அந்தத் தேதியை அவர் மறந்ததில்லை. அங்கே பிடித்த வேட்பாளர் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேருக்கும் டிக் போடலாம். பின்னால் நின்று பார்த்த அண்ணி, "எல்லாருக்கும் போடறதுக்கு எதுக்குங்க தேர்தல்?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி வெகுநேரம் அந்த வீட்டில் ஒப்புதல் வாக்கு முறை விளக்கப்பட்டது. அண்ணி அதற்கப்புறம் எதையும் கேட்பதில்லை.

நம்மவர்கள் ஜெயித்தால் அவருக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை வேறு தினுசு. சென்னையைச் சேர்ந்த சியாமளா ராஜாராம் 2016இல், துருப்பல் என்ற கட்டற்ற மென்பொருளுக்கான சங்கத்தின் இயக்குநர் குழுவுக்குத் தேர்வானார். அந்தச் செய்தியை நான் உற்சாகமாக ஆரம்பித்தால், "இன்ஸ்டன்ட் ரன்-ஆஃப் முறைல ஜெயிச்சாங்களே, அந்தம்மாதானே?" என்கிறார். ஆளை முறையால் ஞாபகம் வைத்துக்கொள்கிறவர். கேரளத்தின் ஸ்ருதி சந்திரன் 2020இல் டெபியன் திட்டத் தலைவர் தேர்தலில் நின்று ஜோனதன் கார்ட்டரிடம் தோற்றபோதும் அப்படித்தான். அண்ணன் வருத்தப்படவில்லை. ஜோடி ஜோடியாக யார் யாரை எத்தனை ஓட்டில் முந்தினார்கள் என்ற அட்டவணையைக் காட்டி, "இன்னா அழகா இருக்கு பாத்தியா?" என்றார்.

டெபியன் தேர்தலில் அவருக்கு ஓட்டு கிடையாது. ஆனாலும் அதன் மேல் தீராத காதல். காரணம், வாக்குச் சீட்டில் மனிதர்களோடு சேர்ந்து 'மேற்கண்ட எவரும் வேண்டாம்' என்பதும் ஒரு வேட்பாளராகவே நிற்கிறது. நம் நோட்டா எத்தனை ஓட்டு வாங்கினாலும் நாற்காலி கிடைக்காது. அங்கேயோ அதைத் தாண்டாதவர் தலைவராகவே முடியாது. 1, 2, 3 என்று வரிசை போட்டு, மின்கையெழுத்திட்டு அனுப்பினால், ஷூல்ஸே என்ற ஜெர்மானியர் வகுத்த முறையில் எண்ணுகிறார்கள். 2003 முதல் இதுதான் வழக்கம்.

இதை எனக்குப் புரியவைக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை. மூன்று பேர் இருந்தோம். என் வரிசை பஜ்ஜி, போண்டா, சமோசா. அண்ணன் வரிசை போண்டா, சமோசா, பஜ்ஜி. கூட வந்த இந்துக் கல்லூரி மாணவியின் வரிசை சமோசா, பஜ்ஜி, போண்டா. அண்ணன் டிஷ்யூ காகிதத்தில் கணக்குப் போட்டார். பஜ்ஜி போண்டாவை ஜெயித்தது. போண்டா சமோசாவை ஜெயித்தது. சமோசா திரும்பி வந்து பஜ்ஜியை ஜெயித்தது. எல்லாமே இரண்டுக்கு ஒன்று.

"இதாம்பா அந்தப் பிரெஞ்சுக்காரன் கொந்தொர்சே சொன்ன சுழல்! 1785லயே சொல்லிட்டான்!" என்று அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். எல்லாத் தோல்வியும் சமமானால், முடிவு ஓட்டு யாருக்கு என்று விதியில் இருக்க வேண்டும். எங்களிடம் விதியே இல்லை.

"அண்ணா, பஜ்ஜி மட்டும்தான் மிச்சம் இருக்கு, போடட்டா?" என்றார் கடைக்காரர்.

நாங்கள் பஜ்ஜி தின்றோம். அண்ணன் தின்னவில்லை. விதியில்லாத ஊரில் அவருக்குத் தொண்டையில் இறங்காது. எங்கள் நிரலர் குழுவுக்குப் பைலா, அதாவது அமைப்பு விதிகள், எழுதுவது என்று அந்த நிமிஷமே முடிவெடுத்தார்.

குழு என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவோம். யாராவது ஒருவர் தான் எழுதியதைக் காட்டுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சாவி வாங்குவது, புரொஜெக்டர் இரவல் கேட்பது, டீக்குச் சில்லறை வசூலிப்பது எல்லாம் அந்த மாணவியே செய்துவிடுவாள். பதவி என்று எதுவும் கிடையாது. அதுதான் அண்ணனை உறுத்தியது.

"நாளைக்கு இவ வரலைன்னா?" என்றார். நியாயமான கேள்வி. பைத்தான் நிரல்மொழிக்கே அது நேர்ந்திருக்கிறது. கைடோ வான் ராசம் அதன் 'ஆயுட்காலக் கருணைச் சர்வாதிகாரி' என்ற பட்டத்தோடு இருந்தவர். ஒரு முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த புதுக் குறியீட்டுக்கு நடந்த சண்டையில் சலித்துப்போய், 2018 ஜூலையில் போதுமடா சாமி என்று இறங்கிவிட்டார். அப்புறம் மாதக்கணக்கில் விவாதித்து ஐந்து பேர் வழிகாட்டும் குழு என்று தீர்மானித்தார்கள். முதல் தேர்தலில் ஜெயித்த ஐவரில் கைடோவும் ஒருவர். நம்மூர் அரசியல் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அந்த வழிகாட்டும் குழுவில் ஒரே நிறுவனத்துக்காரர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த விதி அண்ணனுக்கு உயிர். பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்தபோது, ஊரெல்லாம் வேலை வாய்ப்பு பற்றியும் வாடகை ஏறுவது பற்றியும் பேசியது. அண்ணன் மட்டும் அண்ணாந்து பார்த்து, "இனிமே கம்பெனிக்கு ரெண்டு பேர்னு விதி போட்டா அர்த்தம் இருக்கும்" என்றார்.

பைலா தயாரானது. அதைப் பதிப்பு மேலாண்மைக் கருவியான கிட்டில் ஏற்றி, திருத்தம் இருந்தால் அனுப்புங்கள் என்றார். ஒருவரும் அனுப்பவில்லை. அந்த மாணவி மட்டும் சின்னதாக ஒன்று அனுப்பினாள். தன் சாசனத்தைப் படிக்கவும் ஓர் ஆத்மா இருக்கிறதே என்று அண்ணன் உருகிவிட்டார். ஒற்றுப்பிழை இரண்டைச் சுட்டிக்காட்டி, நன்றி சொல்லி, அப்படியே சேர்த்துக்கொண்டார்.

தேர்தல் நாள் வந்தது. கோரம், அதாவது வந்தே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தலைகள், அந்தக் கணக்கும் டெபியன் வழிதான். உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, அதன் மும்மடங்கு. வாட்ஸாப்பில் 144 பேர். வர்க்கமூலம் 12, பாதி 6, மும்மடங்கு 18. மாடியில் இருந்தது ஏழு பேர். அதில் ஒருவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு என்று நினைத்து ஏறி வந்தவர். அண்ணன் தளரவில்லை. வேட்புமனுப் பெட்டியைத் திறந்தார். காலி.

"2019ல டெபியன்லயும் யாரும் மனு போடலை. ஒரு வாரம் நீட்டிச்சாங்க. நாமளும் நீட்டிப்போம்."

நீட்டித்தார். மறுபடியும் நீட்டித்தார். நாற்காலிக்கு அடிதடி நடக்கும் நாட்டில், நாற்காலியை இழுத்துப் போட்டு ஆள் தேடுகிற ஒரே இடம் இதுதான். உட்கார்ந்தால் வேலை வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அத்தனை கண்ணும் அவர் பக்கம் திரும்பியது.

"நான் தேர்தல் அலுவலர்ப்பா. நிக்கக் கூடாது. பைலாலயே இருக்கு" என்று நிம்மதியாகச் சிரித்தார். அந்த விதியை எழுதியவர் அவர்தான்.

"ஆமாண்ணா, நிக்கக் கூடாது" என்றாள் மாணவி. "அதுக்கு அடுத்த வரியப் படிங்க."

படித்தார். 'இரண்டு முறை நீட்டித்தும் வேட்பாளர் இல்லையெனில், தேர்தல் அலுவலரே தலைவர் பொறுப்பை ஏற்பார்.' ஒற்றுப்பிழை எதுவும் இல்லை. திருத்தியவர் அவரேதான்.

அந்த வரியை நீக்க அண்ணன் உடனே ஒரு திருத்தத் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேற 18 பேர் வேண்டும். மாதாமாதம் முன்கூட்டியே வந்து ஜமுக்காளம் விரித்து, சாவி வாங்கி, டீக்குச் சில்லறை வசூலித்து, தலைகளை எண்ணுகிறார். ஏழுக்கு மேல் போகவில்லை. கைடோவுக்கு வாய்த்தது ஆயுட்காலப் பதவி. அவரால் அதை ராஜினாமா செய்ய முடிந்தது. அண்ணனுடையது கோரம் சேரும்வரை.